தம்பியின் காரை எங்கே சர்வீஸ் விடுவது? மிச்சிகனிலிருந்து சித்தப்பாவுக்கு

நோவை, மிச்சிகன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். சித்தியின் முட்டிவலி இப்போது தேவலையா? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தம்பி ஆகஸ்டில் இங்கே வேலைக்கு வருவது உறுதியானதில் ரொம்ப சந்தோஷம். அவனுக்கு 2015 வாக்கில் வந்த டொயோட்டா கொரோலாவாகப் பார்த்து வைக்கச் சொன்னீர்கள், தேடிக்கொண்டிருக்கிறேன். வாங்கின பிறகு கம்பெனி டீலரிடமே விட வேண்டுமா, வெளி மெக்கானிக்கிடம் விடலாமா, அவனே செய்துகொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாமக்கல்லில் லாரிப் பட்டறை நடத்துகிறவர் கேட்கும்போது ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன், அவனிடமும் படிக்கக் கொடுங்கள்.

மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா வேலைக்கும் அங்கேயே போவதுதான் இங்கே பலர் பணத்தை விடும் வழி. என்ன வேலை என்று பார்த்து, அதற்கேற்ற இடத்துக்குப் போக வேண்டும்.

வெளியில் விட்டால் வாரண்டி போய்விடும் என்ற பேச்சு நம் ஊரைப் போல இங்கேயும் உண்டு. அது உண்மையில்லை. மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் என்று 1975-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. வெளியில் சர்வீஸ் செய்தார் என்பதற்காகவோ, வேறு கம்பெனி ஃபில்டர் போட்டார் என்பதற்காகவோ மட்டும் கார் கம்பெனி வாரண்டியை மறுக்க முடியாது. அந்த வேலையால்தான் கெட்டது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் சர்வீஸ் செய்ததற்கு நம்மிடம் சான்று இருக்க வேண்டும். ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீது, தேதி, ஓடிய மைல் இந்த மூன்றையும் ஒரு உறையில் போட்டு வைத்தால் போதும். கொரோலாவுக்குப் பொது வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 மைல், எஞ்சின் கியர்பாக்ஸுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல். தம்பி வாங்கப்போகும் வண்டிக்கு இரண்டும் முடிந்திருக்கும். ஆனாலும் அந்த உறையை வைத்திருக்கட்டும், பின்னால் விற்கும்போது விலை பேச உதவும்.

அப்படியானால் டீலர் எதற்கு? முதல் காரணம் ரீகால். கம்பெனி தவறுக்காகத் திரும்ப அழைக்கும் வேலையை டீலர் இலவசமாகச் செய்து தர வேண்டும், செகண்ட் ஹேண்டாக வாங்கியவருக்கும் இது பொருந்தும். டகாடா கம்பெனியின் ஏர்பேக் வெடித்துச் சிதறிய விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் நடந்ததிலேயே பெரிய ரீகால் அதுதான், இன்னும் மாற்றாத வண்டிகள் ரோட்டில் ஓடுகின்றன. முன் கண்ணாடியின் டிரைவர் பக்கக் கீழ் மூலையில் வின் எண் தெரியும், எழுத்தும் எண்ணுமாக 17 இடம் கொண்ட வண்டியின் அடையாள எண் அது. அதை அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்.ஹெச்.டி.எஸ்.ஏ. தளத்தில் போட்டால் பாக்கி ரீகால் எல்லாம் வந்துவிடும். காசு கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவேன். அடுத்து, கம்ப்யூட்டர் யூனிட் புரோகிராமிங், சாவி கோடிங் போன்றவை. இவற்றுக்கும் டீலர் சரி.

ஆயில் மாற்ற மட்டும் டீலரிடம் போகச் சொல்லமாட்டேன். அங்கே கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், ஆனால் ஆயில் மாற்றும் வேலை பெரும்பாலும் அவர்கள் கைக்குப் போகாது, புதிதாகச் சேர்ந்த பையன்தான் செய்வான். மெக்கானிக்குகளுக்குச் சம்பளமும் பல இடங்களில் செலவான மணிக்கு இல்லை. இந்த வேலைக்கு இத்தனை மணி என்று புத்தகத்தில் போட்ட கணக்குக்குத்தான் கூலி. வேகமாக முடிப்பவனுக்கு லாபம், துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு நஷ்டம். அந்த முறையில்தான் அவசரமும் வருகிறது, “இன்ஜெக்டர் கிளீனிங் செய்யணும், எஞ்சின் ஃப்ளஷ் செய்யணும்” என்ற சிபாரிசும் வருகிறது. வண்டியோடு வரும் பராமரிப்புப் புத்தகத்தில் இல்லாத எதையும் வேண்டாம் என்று சொல்லத் தம்பி பழக வேண்டும். ரோட்டோரத்தில் பத்து நிமிடத்தில் ஆயில் மாற்றித் தரும் கடைகளும் உண்டு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தனி மெக்கானிக் கடையைப் பொறுத்தவரை இந்த மாநிலச் சட்டம் நமக்குச் சாதகம். கடை மாநிலத்தில் பதிவாகியிருக்க வேண்டும், மெக்கானிக்கிடம் மாநிலச் சான்றிதழ் இருக்க வேண்டும். வேலை 50 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால் எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும். அதற்கு மேல் 10 சதவீதமோ 50 டாலரோ, எது குறைவோ அதைத் தாண்டினால் நம் சம்மதம் வாங்க வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய பிரேக் பேடுகளை வாங்கி, ஒரே சக்கரத்தின் உள்பேடையும் வெளிப்பேடையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும். புதுப் பேடில் உராயும் பகுதி 10 மி.மீ. அளவில் இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டியதுதான். ஒரே சக்கரத்தில் உள்பேட் தேய்ந்து வெளிப்பேட் அப்படியே இருந்தால் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான கம்பி, அதாவது காலிப்பர் பின், இறுகியிருக்கிறது. பேடை மட்டும் மாற்றி அனுப்பும் கடைக்கு இரண்டாம் முறை போகக் கூடாது.

காலிப்பர் பின் இறுகுவது இந்த ஊரின் பெரிய வியாதி, சித்தப்பா. நவம்பரிலிருந்து மார்ச் வரை பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் அடியில் ஏறி பிரேக் பைப், சைலன்சர், போல்ட் என்று ஒன்று விடாமல் அரிக்கிறது. மிச்சிகனில் வருடாந்திர எஃப்.சி. மாதிரி எந்தச் சோதனையும் கிடையாது. பிரேக் பைப் ஓட்டையாகும் வரை யாரும் கேட்கமாட்டார்கள். வருடம் ஒரு முறையாவது லிஃப்டில் தூக்கி, நம்மைக் கீழே அழைத்து டார்ச் அடித்துக் காட்டுகிற மெக்கானிக் வேண்டும். அப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் கொஞ்சம் தூரமானாலும் அவரை விடக் கூடாது.

சி.வி.டி. என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலும் அவரிடமே. டிப்ஸ்டிக் கிடையாது, குறிப்பிட்ட சூட்டில் வழிந்தோடும் அளவை வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும். கூலன்ட் டொயோட்டாவின் பிங்க் நிறம், முதல் முறை 100,000 மைல் அல்லது 10 வருடம், பிறகு 50,000 மைல் அல்லது 5 வருடம். பச்சைக் கூலன்ட்டை அதில் கலக்கவே கூடாது. இரிடியம் ஸ்பார்க் ப்ளக் 120,000 மைல் வரை தாங்கும்.

இனி அவனே செய்யக்கூடியது. ஆயில் 0டபிள்யூ-20 சிந்தெட்டிக், ஃபில்டரோடு சேர்த்து 4.2 லிட்டர் பிடிக்கும். இங்கே குவார்ட் கணக்கில் விற்பார்கள், 4.4 குவார்ட். 5 குவார்ட் கேன் ஒன்று, ஃபில்டர் ஒன்று, ட்ரெயின் போல்ட் வாஷர் ஒன்று, எல்லாம் சேர்த்து 40 டாலருக்குள் முடியும். கம்பெனி சொல்வது 10,000 மைல் அல்லது 12 மாதம். உறைபனிக் காலத்தில் திரும்பத் திரும்பக் குறைந்த தூரமே ஓட்டினால் 5,000 மைலில் மாற்றச் சொல்லியிருக்கிறது. ஆபீஸுக்கும் கடைக்குமாக ஓட்டும் தம்பிக்கு 5,000தான் பொருந்தும்.

ட்ரெயின் போல்ட் 14 நம்பர் ஸ்பேனர், இறுக்கம் 37 நியூட்டன் மீட்டர். ஃபில்டர் டின் மாதிரி முழுசாகக் கழல்வதில்லை. மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் காகிதத்தை மட்டும் மாற்ற வேண்டும். மூடியைக் கழற்ற 64 மி.மீ. கப் ரெஞ்ச் வேண்டும், வேறு எதையாவது போட்டுத் திருகினால் விரிசல் விடும். மூடியின் பழைய ரப்பர் வளையம் (ஓ-ரிங்) சில சமயம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புதியதைப் போட்டால் எஞ்சின் ஓடும்போது ஆயில் கொட்டிவிடும். விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, புதியதில் கொஞ்சம் ஆயில் தடவிப் போட வேண்டும். மூடியின் இறுக்கம் 25 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் ஒரு இழுப்பு வேண்டாம். முதலில் 4 குவார்ட் ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே கசிவு பார்த்து, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றினால் சரியாக இருக்கும். பழைய ஆயிலை அதே கேனில் ஊற்றி உதிரிபாகக் கடையில் கொடுத்தால் பெரும்பாலும் காசில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். அந்தக் கடைகளில் டெபாசிட் கட்டினால் டூல்ஸும் இரவல் கிடைக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் வண்டி வேலை செய்யக் கூடாது என்று பல வாடகை ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். அதனால் ஆயில் மாற்ற என் வீட்டுக்கு வரட்டும், கராஜ் இருக்கிறது. ஏர் ஃபில்டர், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர், வைப்பர், பேட்டரி இவை அவன் நிற்கும் இடத்திலேயே செய்யலாம். ஏசி ஃபில்டருக்கு டீலர் வாங்கும் கூலி அநியாயம், ஐந்து நிமிட வேலை.

எஞ்சின் லைட் எரிந்தால் பயப்பட வேண்டாம். 1996-லிருந்து இங்கே விற்கும் எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே பழுதைப் படிக்கும் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கிறது, அதில் செருகும் 20 டாலர் ரீடர் பழுதின் குறியீட்டைக் காட்டும். ஆனால் குறியீடு சொல்வது கெட்ட பாகத்தின் பெயரை அல்ல. பி0420 வந்தால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு என்று பெரிய தொகைக்கு எஸ்டிமேட் கொடுப்பார்கள். சைலன்சர் ஜாயின்ட் கசிந்தாலும், பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கெட்டாலும் அதே குறியீடு வரும். கசிவு பார்த்தீர்களா என்று அவன் முதலில் கேட்க வேண்டும்.

புறப்படும் முன் ஒரு வாரம் அவனைப் பட்டறையில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வைத்து அசைத்துப் பார்த்த பிறகுதான் நுழைய வேண்டும் என்பது அவன் கைக்குப் பழக வேண்டும். காலிப்பர் பின்னைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் போடவும், சக்கர நட்டை எதிரெதிராக இறுக்கவும் கற்றுக்கொடுங்கள். கொரோலாவுக்கு நட் இறுக்கம் 103 நியூட்டன் மீட்டர், அவன் டைரியில் எழுதி வைக்கட்டும். டூல்ஸ் எதுவும் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டாம், எடை வீண். சித்தியின் எள்ளுப்பொடிக்கு அந்த இடத்தை விட்டு வையுங்கள்.

வண்டி அமைந்ததும் வின் எண்ணும் அடிப்பாகத்தின் போட்டோவும் அனுப்புகிறேன். துருவைப் பார்த்து நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் அட்வான்ஸ் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்