அந்த ஒயரை மச்சில் ஏற்றிவிடாதே

சிவமயம்

காரைக்குடி
ஞாயிறு மாலை

அன்புள்ள சுப்புவுக்கு,

நலம். இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முழங்கால் மட்டும் அதே பாட்டு. நான்கு மாதமாகப் பதில் போடவில்லை என்று திட்டுவாய், நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது வந்திருப்பது வேறு அவசரம். ராமநாதனிடம் ஒயர்த் துண்டு கொடுத்தனுப்பி, "ஸ்பீக்கருக்கு இதைத்தான் ஒரு சுருள் வாங்கிவிட்டேன், எப்படி?" என்று கேட்டிருந்தாயே, அது செம்பு இல்லையடா. செம்புத் தோல் போர்த்திய அலுமினியம்.

ஒரு இழையைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன், உள்ளே வெள்ளை வெளேர். நீயும் சுரண்டிப் பார். இன்னும் சந்தேகம் என்றால் ஒற்றை இழையை லைட்டர் சுடரில் காட்டு. செம்பு சிவந்துபோய் அப்படியே நிற்கும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடுவதால் நுனி சுருண்டு குண்டாகிவிடும். மூன்றாவது சோதனை நம் ஊருக்கு ஏற்றது. உறையை உரித்துவிட்டு ஒரு மீட்டரை நகைக்கடைத் தராசில் வை. குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர் உள்ள செம்பு என்றால் 22 கிராம் நிற்க வேண்டும். உன்னுடையது 8.6. உரைத்துப் பார்க்காமல் ஒரு குன்றிமணிப் பொன் வாங்காத குடும்பத்தில் பிறந்துவிட்டு, விலை பாதி என்றதும் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்.

அதில் பாட்டே வராது என்று சொல்லவில்லை. அதன் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். தடிமன் கூட்டிப் போட்டால் காது கண்டுபிடிக்காது. சனியன் உட்கார்ந்திருப்பது முனையில். நான்கு தடவை மடக்கினால் இழை ஒடியும். வெட்டிய இடத்தில் உள்ளே இருக்கும் அலுமினியம் வெளியே தெரியும், காற்று பட்ட உடனே மேலே ஒரு படலம் கட்டும், அந்தப் படலம் மின்சாரம் கடத்தாது. திருகுக்கு அடியில் நசுங்கிக்கொண்டே போய்த் தானாகத் தளரும். ஈரமும் சேர்ந்தால் செம்பும் அலுமினியமும் தொடும் இடம் அரித்துவிடும். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, அதுதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இதே ஊரில்தான் இருக்கிறது. உலோகம் அரிப்பதைப் பற்றி ஆராய்வதும் அங்கே ஒரு பெரிய வேலை. அந்த வாசல் வழியாகப் பதினைந்து வருஷம் சைக்கிளில் போனவன் நீ.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "கொப்புடையம்மன் கோயில் திருவிழாவுக்கு மைக் செட்காரர் நூல் மாதிரி ஒயரைத் தெருக்கோடி வரை இழுக்கிறார், எனக்கு மட்டும் ஏன் கயிறு மாதிரி வேண்டும்?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி, கணக்கு வாத்தியார் இருந்தால் பெஞ்சு மேல் ஏற்றாமல் விட்டிருப்பார். அவர் அனுப்புவது 100 வோல்ட் லைன். ஒவ்வொரு குழாய் ஸ்பீக்கருக்கும் பின்னால் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 20 வாட் குழாய் இழுப்பது 0.2 ஆம்பியர்தான், அதற்கு நூல் போதும். உன் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஆம்ப், நேராக 8 ஓம் தடையுள்ள ஸ்பீக்கரைத் தள்ளுகிறது. 50 வாட் போனால் 20 வோல்ட், 2.5 ஆம்பியர். வோல்ட் குறைவு, ஆம்பியர் பன்னிரண்டு மடங்கு. ஒயரின் தடை அங்கேதான் கடிக்கும்.

எவ்வளவு தடை இருக்கலாம் என்றால், ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஆம்ப் செய்யும் அமெரிக்க மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஒலியியல் ஆராய்ச்சியைப் பார்த்த ரோஜர் ரஸ்ஸல் வைத்த அளவும் இதுதான். 8 ஓமுக்கு 0.4. ஆனால் 8 ஓம் என்று அட்டையில் போட்டிருக்கும் ஸ்பீக்கரும் சில சுருதியில் 5, 6 ஓமுக்கு இறங்கும், அதனால் 0.25-க்குள் வைத்துக்கொள்வது நல்லது. 2.5 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்கு 8 மில்லி ஓம், 4 சதுர மி.மீ. என்றால் 5. போக ஒன்று வர ஒன்று என்பதால் நீளத்தை இரட்டிக்க வேண்டும், எல்லாரும் இதை மறப்பார்கள். உன் வலது ஸ்பீக்கர் 18 மீட்டர் என்கிறாய். 36 மீட்டர் செம்பு. 2.5-ல் போட்டால் 0.29, 4-ல் போட்டால் 0.18. ஆகவே 4 போடு. ஆம்பையே ஸ்பீக்கர் பக்கம் நகர்த்தினால் மூன்று மீட்டரில் முடிகிற சங்கதி இது. நீ கேட்கமாட்டாய், பெல்ஜியம் கண்ணாடிக்குக் கீழே அது உட்கார்ந்தால்தான் உனக்கு அழகு.

இடது பக்கம் 11 மீட்டர்தானே, மிச்சத்தைச் சுருட்டிவைத்து இரண்டையும் சமமாக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். வித்தியாசம் 0.07 ஓம், ஒலியில் 0.1 டெசிபல்கூட வராது. காசுக்குக் கேடு.

வழிதான் உன் வீட்டில் சிக்கல். சுண்ணாம்புச் சுவரைக் கொத்தவே கூடாது, அந்த வழவழப்பை மறுபடி பூச இன்று ஆள் தேடுவது பெரும்பாடு. இருபக்கமும் ஒட்டும் டேப்பும் கூடாது, பிய்த்தால் மேல்பூச்சோடு வரும். ஆத்தங்குடிக் கல்லை வெட்டலாம் என்ற யோசனை வந்தால் என் முகத்தில் விழிக்காதே. தவிர, ஒரு ஆணி அடிக்க ஏழு பங்காளியும் தலையாட்ட வேண்டிய வீடு அது. தரையோரமாகக் கேசிங் கேப்பிங், அதாவது ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை, ஓட்டு, சுவரில் திருகாமல் தரையில் சும்மா உட்காரட்டும். நிலை வரும் இடத்தில் மட்டும் படியைத் தாண்டவிடாதே, பெரியாச்சி தடுக்கி விழுவார். நிலைக்கு மேலே ஏற்றி இறக்கு. கரண்ட் ஒயர் ஓடும் வழியோடு சேர்த்துக் கட்டாதே. ஓர் அடி தள்ளி ஓட்டு, குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகத் தாண்டு. மச்சில் எலி உண்டு என்பதால் அங்கே குழாய்க்குள் விடு. நீளத்தை டேப்பால் அளக்காமல் சணல் கயிறு ஓட்டி அளந்துகொள், ஏற்ற இறக்கம் எல்லாம் அதில் அடங்கிவிடும். முனைக்கு ஒரு மீட்டர் கூட்டு.

வாங்குவது சுலபம். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ஒற்றைக் கம்பி ஃப்ளெக்சிபிள் ஒயர், ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர முத்திரையோடு, 4 சதுர மி.மீ., 90 மீட்டர் சுருள் ஒன்று. முறுக்கினால் நீளம் குறையும், அதனால் 18-க்கு 20 வெட்டு, 11-க்கு 12.5. இரண்டிரண்டாக 65 மீட்டர் போகும், மிச்சம் 25. வாங்கியதும் இழையை எண்ணு. 0.3 மி.மீ. இழை என்றால் 56 இருக்க வேண்டும். 48, 50 என்று நின்றால் திருப்பிக் கொடு. சிவப்பும் கறுப்பும் வேண்டாம். பிற்காலத்தில் எலக்ட்ரீஷியன் யாராவது கரண்ட் லைன் என்று நினைத்து இணைத்துவிடுவார். சாம்பல் நிறம் எடு. இரண்டு கம்பியும் ஒரே நிறமாகிவிடும் என்பதால், முறுக்குவதற்கு முன்பே ஒன்றின் இரண்டு முனையிலும் சிவப்பு ஸ்லீவ் ஏற்றிவிடு.

முறுக்குவதற்கு இருபது மீட்டர் நேர்வழி வேண்டும். மற்றவர்கள் தெருவில் நின்று செய்வார்கள். உனக்கு முகப்பிலிருந்து பின்கட்டு வரை எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறது, எதற்காக வைத்தார்களோ, இதற்கு உதவட்டும். ஒரு முனை இரண்டையும் ஜன்னல் கம்பியில் கட்டு. தேக்குத் தூணில் கட்டாதே, தழும்பு விழும். மறுமுனை இரண்டையும் ட்ரில்லிங் மிஷின் வாயில் பிடித்து, தொய்யாமல் இழுத்தபடி மெதுவாகச் சுற்று. ஒயர் சுருங்கச் சுருங்க நீ முன்னால் நடக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு போதும். அதற்கு மேல் போனால் கயிறு முண்டு கட்டும், பிறகு பிரிக்க முடியாது. முடிந்ததும் சட்டென்று விட்டுவிடாதே, சாட்டை மாதிரி அடிக்கும். பிடித்துக்கொண்டே பத்துச் சுற்று எதிர்ப்பக்கம் விட்டால் அடங்கிவிடும். இந்த முறுக்கால் இசை இனிக்கும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. இரண்டு கம்பியும் விலகிக் கிடந்தால் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம்) கூடும், சேர்ந்து கிடந்தால் குறையும், அவ்வளவுதான்.

நெட்வொர்க் கேபிளைப் பிரித்துப் பின்னல் போடுகிறார்கள் என்று ராமநாதன் சொல்லியிருப்பான். அதைச் செய்யாதே. பல ஜோடியை இணைத்தால் கெப்பாசிடன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் குணம்) ஏறும், சில ஆம்புகள் அதைத் தாங்காமல் காதுக்குக் கேட்காத அலையில் துடித்துச் சூடேறிக் கருகும்.

முனைக்கு வா, பாதிப் பேர் கோட்டை விடும் இடம். ஸ்ட்ரிப்பரால் 12 மி.மீ. உரி. பிளேடு வேண்டாம், கீறல் விழுந்த இழைதான் முதலில் ஒடியும். சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை முதலில் கோத்துக்கொள். பிளக் மாட்டிய பிறகு ஸ்லீவ் மேஜையில் கிடப்பதைப் பார்த்துத் தலையில் கை வைக்காதவர் கிடையாது. திருகு வைத்த பனானா பிளக் என்றால் கம்பிக்கு ஈயம் பூசாதே. ஈயம் மெத்தென்று அமுங்கும், மூன்று மாதத்தில் திருகு தளரும். வெறும் இழையின் மேல் செம்பு ஃபெர்ரூல், அதாவது குட்டிக் குழல், மாட்டி, கிரிம்பிங் டூலால் அழுத்து, பிறகு திருகு. கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. கையால் பலமாக இழுத்துப் பார். வந்துவிட்டால் நல்லதாகப் போயிற்று, மறுபடி செய். கம்பி தடித்து உள்ளே போகவில்லை என்று பத்து இழையை வெட்டி எறிகிற வேலை மட்டும் வேண்டாம், அப்புறம் 4 எதற்கு வாங்கினாய்? சால்டர்தான் வைப்பேன் என்றால் 60 வாட் அயர்ன், 60/40 ஈயம், டப்பா பேஸ்ட் கூடாது. அந்தப் பேஸ்டின் அமிலம் தங்கிப் பச்சைக் களிம்பு ஏறும். குத்துவிளக்கு என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம், ஒயர் முனைக்கு என்ன செய்வாய்? ஒரு வாரம் கழித்து எல்லாத் திருகையும் இன்னொரு கால் சுற்று இறுக்கு, செம்பு அமர்ந்திருக்கும்.

ஆம்பில் மாட்டுமுன் மல்டிமீட்டரில் இரண்டு கம்பியும் தொடவில்லை என்று பார். ஒற்றை இழை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உரசினாலே ஆம்ப் போய்விடும். தடையை மீட்டரில் நேராக அளக்க முடியாது, அதன் கம்பிக்கே 0.2 ஓம் இருக்கும். வேறு வழி: கேபிளின் ஒரு கோடியை ஒன்றாக இணை, மறுகோடியை 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றின் வழியாக இன்வெர்ட்டர் பேட்டரியில் கொடு. பல்பு இல்லாமல் கொடுத்தால் நெருப்பு. சுமார் 1.7 ஆம்பியர் ஓடும். 18 மீட்டர் கேபிளின் இரண்டு முனைக்கும் இடையில் 0.3 வோல்ட் காட்டினால் செம்பு. 0.5 பக்கம் போனால் மறுபடி அலுமினியம். கடைசியாகத் துருவம்: 1.5 வோல்ட் செல்லை ஆம்ப் பக்க முனையில் ஒரு கணம் தொடு, சிவப்பில் பிளஸ். கூம்பு இரண்டும் வெளியே குதிக்க வேண்டும். ஒன்று உள்ளே போனால் பேஸ் என்னும் கனத்த அடிச்சுருதி காணாமல் போகும்.

1979-ல் நோயல் லீ மான்ஸ்டர் கேபிள் தொடங்கும் முன் உலகம் மேஜை விளக்கு ஒயரில்தான் பாட்டுக் கேட்டது. வெள்ளி, ஆக்சிஜன் இல்லாத செம்பு என்றெல்லாம் உன் மருமகன் சொன்னால் சிரித்துக்கொண்டே தலையாட்டு.

இவ்வளவும் எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கடைசி வரி இப்போதுதான் கண்ணில் பட்டது: "மிச்ச ஒயரை இரண்டாங்கட்டில் கீசர் பாயிண்ட்டுக்கு இழுக்கச் சொல்லியிருக்கிறேன்." சுப்பு, விளையாட்டை விடு. ஸ்பீக்கருக்குப் போட்டால் பாட்டுத்தான் கெடும். 3 கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். அலுமினியம் திருகுக்கு அடியில் தளர்ந்து அந்த இணைப்பில் 0.1 ஓம் சேர்ந்தால் போதும், அங்கே 17 வாட் சூடு. ஒரு சின்னச் சால்டரிங் அயர்ன் பிளாஸ்டிக் பெட்டிக்குள் எரிந்துகொண்டே கிடக்கிற மாதிரி. மேலே இருக்கும் மச்சு பர்மாத் தேக்கு.

மூன்று தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. நாளைக் காலை ராமநாதன் பள்ளத்தூர் வருகிறான், இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். கையில் கிடைத்ததும் முதலில் கீசர் பிரேக்கரை இறக்கு. அந்த ஒயர் ஏற்கெனவே ஓடியிருந்தால் பிடுங்கு, 4 செம்பு போடச் சொல். அந்த மிச்சம் 25 மீட்டர் அதற்குத்தான். சுருளை ராமநாதன் வண்டியிலேயே ஏற்றிவிடு, யார் கையிலும் கொடுத்துவிடாதே. இறக்கிவிட்டேன் என்று ஒரு மிஸ்டு கால் கொடு.

உன்,
முத்து