ஸ்டீராய்டு மாத்திரையும் என் தாயாரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடியுமுன்னே கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்வரும் பெண்களில் என் தாயாரும் ஒருவர். காய் தரம் பிரிக்கும் இடத்தில் தொற்றிய இளைப்புக்கு மருத்துவர் பத்து நாளைக்கு எழுதித் தந்த பிரெட்னிசோலோன் மாத்திரையை, நன்றாகக் கேட்கிறதே என்று, அதே பழைய சீட்டைக் காட்டி ஏழு மாதம் வாங்கி விழுங்கினார். முகம் உப்பியது. அது ஸ்டீராய்டு, உடம்பைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்ன அன்றே அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார். நான்காம் நாள் ஓயாத வாந்தி. நிற்க இயலாமல் அடுப்படியிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியில் அவரைப் பிழைக்க வைத்ததும் ஸ்டீராய்டு ஊசிதான்.

ஆகவே இந்த மருந்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. மூச்சுக்குழாயில் புகுந்த தூசியை எதிர்க்கத் திரளும் வெள்ளணுக்கள் உமிழும் நொதிகள், அங்குள்ள நல்ல செல்களையும் சேர்த்தே அரிக்கின்றன. செல்லின் மேலுறைக் கொழுப்பிலிருந்து பிரியும் அராக்கிடோனிக் அமிலம், மூச்சுக்குழாயைச் சுருக்கும் லூக்கோட்ரையீன் போன்ற பொருள்களாக மாறுகிறது. ஸ்டீராய்டோ செல்லுக்குள் நுழைந்து, தன்னைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்துடன் இணைந்து உட்கருவை அடைந்து, அழற்சி எனப்படும் இந்த எதிர்வினையைத் தூண்டும் மரபணுக்களை அடக்குவதோடு, அந்த அமிலம் பிரிவதைத் தடுக்கும் அனெக்சின் என்ற புரதத்தையும் பெருக்குகிறது. கொரோனா காலத்தில், 2020இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், நாளுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜனே தேவைப்படாத நோயாளிகளுக்கு அதனால் நன்மை கிடைக்கவில்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற இதே வகை இயக்குநீரைத் தானே சுரக்கிறது. வெளியிலிருந்து வாரக்கணக்கில் மாத்திரை வந்துகொண்டிருந்தால் அது சுரப்பதைக் குறைத்துவிடுகிறது. மாத்திரை திடீரென நின்றால் உடனே விழித்துக்கொள்வதில்லை. என் தாயாருக்கு நேர்ந்தது அதுதான். அளவைப் படிப்படியாகக் குறைத்திருந்தால் அவர் விழுந்திருக்கமாட்டார்.

சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து இது. பத்து நாள் சீட்டுக்கு ஏழு மாதம் கொடுத்த கடைக்காரர் ஒருமுறை தேதியைப் பார்த்திருக்கலாம். எழுதித் தந்த மருத்துவரும் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம். எல்லையின் இருபுறமும் உள்ள மருந்துக் கடைகளில், "நெடுநாள் சாப்பிட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது" என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட சிறு தாளை இந்த மாத்திரை அட்டையோடு தருமாறு இரு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் உத்தரவிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.