ஆரத்தி எடுக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஆங்கில எழுத்தாளர் சாரா ஹாலின் ‘தி கார்ஹலன் ஆர்மி’ (2007) நாவலை அறிமுகம் செய்தவர், ‘ஆண்களே இல்லாத சொர்க்கம்’ என்று எழுதியிருக்கிறார். பாதியில் மூடி வைத்துவிட்டாரோ என்னவோ! கதையில் பெண்கள் சேர்ந்து வாழும் மலைப்பண்ணைக்குப் பக்கத்திலேயே சில ஆண்களும் வசிக்கிறார்கள். சொர்க்கமும் இல்லை.

சீர்குலைந்த இங்கிலாந்தில் பெண்களுக்குக் காப்பர்-டி மாதிரி ஒன்றைக் கட்டாயமாகப் பொருத்துகிறது அரசு. அதற்குத் தப்பி, மலைப்பண்ணைப் பெண்களைத் தேடிப் போகிறாள் கதைசொல்லி. கடைசிவரை அவள் பெயர் நமக்குத் தெரியாது, ‘சகோதரி’, அவ்வளவுதான். வந்தவளுக்கு ஆரத்தியா எடுத்தார்கள்? தகரக் கூண்டுக்குள் அடைத்துப் போட்டார்கள்.

எனக்கு அந்தப் பண்ணை அந்நியமாகப் படவில்லை. நான் ஏற்காடு காபி எஸ்டேட்டில் வளர்ந்தவள். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் பறிக்கும் அக்காமார்களைப் பார்த்தே வளர்ந்தேன். மண் சரிந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் ஓடாத நாட்களில், இருக்கிற அரிசியைப் படி போட்டு அளந்து பங்கிட்டதும் அவர்கள்தான். அரைப்படி குறைந்ததென்று முடியைப் பிடித்துக்கொண்டதும் அவர்கள்தான்.

இன்னொன்று. ‘இதெல்லாம் மேல்நாட்டுக் கற்பனை’ என்கிறார். பெண்களே ஆளும் நாட்டைப் பற்றி வங்க எழுத்தாளர் ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-இல் அச்சானது நம் சென்னைப் பத்திரிகை ஒன்றில்தான். அதில் ஆண்களுக்கு அடுப்படி!

அதையும் ஒரு ஞாயிறு அறிமுகம் செய்யுங்களேன்.

– ஒரு வாசகி, ஏற்காடு