நீலம் ஊதாவாகிவிட்டது

கிழக்கு லண்டன்
ஏப்ரல் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். அப்பாவின் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தினமும் ராத்திரி பேனாவை எடுப்பேன், அப்படியே தூங்கிவிடுவேன். கடைசி வரியில் "உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்டிருந்தார். இருக்கிறேன் என்று சொல்.

குளிர் விட்டுவிட்டது. அதாவது, ஒரு ஸ்வெட்டர் குறைந்திருக்கிறது. வேலை இப்போது வாரத்துக்கு நான்கு நாள்தான், அதனால் காலையில் ஓய்வாக இருக்கிறேன். மாமா கொடுத்த பழைய கேமராவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வான்ஸ்டெட் பார்க் போய்வருகிறேன். பஸ் இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேர நடை உடம்புக்கு நல்லதுதானே.

அங்கே ஷாலே வுட் என்று ஒரு சின்னக் காடு. ஏப்ரல் பாதி தாண்டினால் தரை முழுக்க ப்ளூபெல், மணி மாதிரித் தொங்கும் நீலப் பூ. மேலே மரங்கள் இலைவிட்டு மூடுவதற்குள் கிடைத்த வெயிலை வாங்கிக்கொண்டு பூத்து முடித்துவிட வேண்டும் அதற்கு. உலகத்து ப்ளூபெல்லில் ஏறக்குறையப் பாதி இந்த நாட்டில்தானாம். சொன்னது பக்கத்து வீட்டுக் கிழவி. எதிரில் பார்த்தால் குட் மார்னிங்கூடச் சொல்லாது, ஆனால் பூ என்று வாயைத் திறந்தால் அரை மணி நேரம். அசல் பூவென்றால் தண்டு ஒரு பக்கமாகத் தலைகுனிய வேண்டும், வாசம் வர வேண்டும். ஸ்பெயின் ஜாதி விறைப்பாக நிற்கும். அது தோட்டத்தில் தலைகாட்டினால் நம் கோரைப்புல்லைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கி எறிகிறது கிழவி.

படம் எடுப்பதுதான் பாடு. கண்ணுக்கு நீலமாகத் தெரிவது கேமராவில் ஊதாவாக விழுகிறது. வெயில் அடித்தால் இலை இடுக்கில் வெள்ளைத் திட்டுகள். மேகம் மூடிய காலைதான் சரி. நின்றுகொண்டு எடுத்தால் வெறும் தரைதான் தெரியும், பாதையிலேயே குப்புறப் படுக்க வேண்டும். பாதையை விட்டு ஒரு அடிகூட வைக்கக் கூடாது. இலை மிதிபட்டால் அடியில் கிழங்குக்குச் சாப்பாடு போகாது, மறுபடி தேற வருஷக்கணக்காகும். ஓரத்தில் கட்டைகளை வரிசையாகக் கிடத்தி வழி காட்டியிருக்கிறார்கள். அப்பா கிழங்கு கேட்பார். 1981ஆம் வருஷச் சட்டப்படி, நிலத்துக்காரர் சம்மதமில்லாமல் காட்டுச்செடியை வேரோடு பிடுங்கக் கூடாது.

போன வாரம் வேறொரு காட்டில் காட்டுப்பூண்டு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஒரு இலையைக் கசக்கி மோந்தேன். நம் அடுப்படிதான். மழைநாளில் நீ வைக்கும் பூண்டு ரசம். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு படம் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒன்றிலும் நான் இல்லையே என்று கேட்காதே, எடுத்தவன் நான்தானே. 2006இல் குறிஞ்சி பார்க்க அப்பா கொடைக்கானல் கூட்டிப்போனாரே, பாப்பா மலைப்பாதை வளைவெல்லாம் வாந்தி எடுத்தாளே, அந்த மலைச்சரிவின் நீலத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார். 2018இல் வரமுடியவில்லை. 2030க்கு அப்பாவால் மலையேற முடியுமா? முழங்கால் வலி பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை, அதனால்தான் கேட்கிறேன்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். சித்தப்பா கிணற்றுப் பங்கை எழுதிக் கேட்கிறார் என்றால், அளந்து கல் நடாமல் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். பவர் பத்திரம் வேண்டுமென்றால் இங்கே இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்புகிறேன். பாப்பாவின் பரீட்சைப் பணம் 10ஆம் தேதிக்குள் வந்துவிடும். கொஞ்சம் முன்பின் ஆனால் மாமாவிடம் வாங்கிக் கட்டிவிடு, நான் மாமாவுக்கு அனுப்பிவிடுகிறேன். கேமரா நன்றாக ஓடுகிறது என்றும் அவரிடம் சொல்.

மோட்டார் காயில் மறுபடி போய்விட்டதா? அப்பாவை எழுதச் சொல், முழங்கால் பற்றியும் சேர்த்து.

உன் மகன்