மோரிஸ் மைனர்: சனிக்கிழமை ஆள் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. தோட்ட லயத்துக்குப் பின்னால் கிடந்த 1963 மோரிஸ் மைனர் காரின் 1098 சிசி இன்ஜின் மறுபடி ஓடுகிறது. அதைச் சரிசெய்த நம் ஈப்போ நண்பர் கூலியே வாங்கவில்லை. அடுத்தது பாடி வேலை.

வரும் சனிக்கிழமை காலை 8.30, சுங்கை சிப்புட், என் வீட்டுக் கொட்டகை.

1. வண்டியை வெளியே தள்ள ஆறு பேர் வேண்டும். மெதுவாகத்தான் தள்ள வேண்டும். யாரும் ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் கீழ் மூட்டு (டிரனியன்) தேய்ந்திருக்கிறது. கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். மைனருக்கு இது பழைய வியாதி, கிரீஸ் போடாமல் விட்டால் வரும்.

2. வெல்டிங் தெரிந்தவர்கள் தரைத் தகட்டையும் பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடத்தையும் பாருங்கள். துரு அங்கேதான் அதிகம்.

3. பேட்டரியில் கை வைக்க வேண்டாம். இது பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், இப்போதைய கார்களுக்கு நேர் எதிர். அதை ஈப்போக்காரர் பார்த்துக்கொள்வார்.

4. கையுறை, பழைய துணி கொண்டு வாருங்கள். ரொட்டி சானாய், தே தாரேக் என் செலவு.

பெயின்ட் நிறத்தை அன்று நேரில் பேசலாம், இங்கே சண்டை வேண்டாம்!

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள். மழை பெய்தால் ஞாயிறு, அதே நேரம்.