ஒப்பந்தப் பத்திரத்தில் கல் தரைக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுவீடு கட்டுவோரிடம் ஒப்பந்தக்காரர்கள் நீட்டும் பத்திரங்களில், தரை என்ற தலைப்பின்கீழ் ‘வெட்ரிஃபைட் டைல்ஸ், 2 அடிக்கு 2 அடி’ என்ற ஒற்றை வரிதான் இன்று பெரும்பாலும் காணப்படுகிறது. கல் தரை வேண்டும் என்று கேட்பவரிடம், அது பழைய மாதிரி என்றோ கட்டுப்படியாகாது என்றோ சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். கட்டட வேலைகளை நெடுங்காலம் மேற்பார்வையிட்டவன் என்ற முறையில், இயற்கைக் கல்லைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் ஒதுக்குவது வீட்டுக்காரருக்கு இழப்பு என்று உறுதியாகக் கருதுகிறேன்.

கல் என்றதும் பலருக்கும் இத்தாலிய மார்பிளும் விலை உயர்ந்த கிரானைட்டுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் விலை குறைந்த கற்களும் உண்டு. ஆந்திரத்தின் கடப்பா கல், தெலங்கானாவின் தாண்டூர் கல், கர்நாடகத்தின் ஷாகாபாத் கல், ராஜஸ்தானின் கோட்டா கல் ஆகியவை எல்லாம் சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தவை. இவை படிவுப் பாறைகளாதலால் அடுக்கடுக்காகப் பிளந்து வருகின்றன. கிரானைட்டைப் போலப் பெரும்பாறையை ரம்பமிட்டு அறுக்கும் வேலை இவற்றில் குறைவு என்பதால் விலையும் குறைகிறது. டைல்ஸோ சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டெடுக்கப்படுவது. அதற்கு ஆகும் எரிபொருள் கல்லுக்குத் தேவையில்லை.

நம் ஊர் வெயிலுக்குக் கல் தரை இதமானது. பாதத்தின் சூட்டைக் கல் விரைவாக வாங்கிக்கொள்வதாலும், மண்ணை ஒட்டிய தளத்தில் கீழிருக்கும் நிலத்தின் குளிர்ச்சி அதற்குத் துணை செய்வதாலும், சித்திரை மாத மதியத்திலும் பாய் விரிக்காமலே படுக்க முடிகிறது. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் இந்தப் பயனை அதே அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது; அங்கே சூடு கூரை வழியாக இறங்குகிறது.

ஆனால் கல்லின் பெரிய சிறப்பு, அதைப் புதுப்பிக்க முடியும் என்பதே. டைல்ஸின் மேல் அச்சிடப்பட்ட வடிவம் மெல்லிய படலமாகவே இருப்பதால், அது தேய்ந்தால் தேய்ந்ததுதான். ஒன்று உடைந்து மாற்ற நினைக்கும்போது அந்த மாடல் கடைகளில் நின்றுபோயிருக்கும். கல்லோ மேலிருந்து அடிவரை ஒரே பொருள். கட்டில் கால் இழுத்த கீறலும், வாசற்படி ஓரத்தில் நடந்து நடந்து மங்கிய இடமும், பாலிஷ் மிஷினில் முதலில் சொரசொரப்பான தேய்ப்புக் கல்லையும் பிறகு படிப்படியாக நைசான தேய்ப்புக் கல்லையும் பூட்டித் தண்ணீர்விட்டுத் தேய்க்கும்போது சாம்பல் நிறச் சேறாகக் கரைந்து வெளியேறிவிடுகின்றன. முடிவில் ஆக்சாலிக் அமிலப் பொடி போட்டு மெருகேற்றியதும், பழைய கோட்டா கல் தரையில் ஜன்னல் கம்பிகளின் நிழல் தெளிவாகத் தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நன்றாக இடப்பட்ட தரையை ஒரு தலைமுறைக்குள் பெயர்த்தெறிய வேண்டிய அவசியமே வராது.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சுண்ணாம்புக்கல்லுக்கும் மார்பிளுக்கும் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தித் துடைக்காமல் விட்டால், அந்த இடம் மட்டும் மெருகிழந்து வெளுத்துவிடும். குடிபோகும் முன் சிமெண்ட் கறையைப் போக்குவதற்காக ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இவ்வகைத் தரைக்குக் கேடு. மென்மையான சோப்புத் தண்ணீரே போதும். சமையலறையில் இந்தக் கவலை வேண்டாம் என்பவர்கள் கிரானைட் போடலாம். கத்தி முனைக்கும் எளிதில் கீறல் விழாத உறுதி அதற்கு உண்டு. கறுப்பு கிரானைட் வாங்கும்போது, பஞ்சில் பெயிண்ட் தின்னரைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் கறுப்பு ஒட்டினால் அது சாயம் ஏற்றிய கல்.

குளியலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் பாலிஷ் செய்த எந்தத் தரையும், கல்லானாலும் டைல்ஸானாலும், ஈரத்தில் வழுக்கும். முதியவர்கள் இருக்கும் வீடுகளில் அங்கெல்லாம் சொரசொரப்பான மேற்பரப்புள்ள கல்லையே கேட்டு வாங்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

மலைகளைக் குடைந்துதான் கல் வருகிறது என்ற எதிர்வாதத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. மதுரை மாவட்டக் கிரானைட் குவாரி முறைகேடுகளை விசாரிக்க 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சகாயம் ஐ.ஏ.எஸ். அவர்களை நியமிக்கும் அளவுக்கு நிலைமை மோசமாகியிருந்தது. எனவே ரசீதும் நடைச்சீட்டும் (குவாரியிலிருந்து கல்லை ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) காட்ட முடியாத கல்லை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்கக் கூடாது.

ஒப்பந்தக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பத்திரத்தில் டைல்ஸுக்கு எழுதுவதுபோலவே கல் தரைக்கும் ஒரு விலை எழுதுங்கள். கல்லின் பெயர், தடிமன், மேற்பரப்பு வகை, பதிக்கும் கூலி, பாலிஷ் கூலி ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டுங்கள். பாலிஷ் கூலியை மறைத்துக் கல்லின் விலையை மட்டும் சொல்வதால்தான் பிற்பாடு தகராறு வருகிறது. தங்கள் நாளிதழும் வீடு, மனை பக்கங்களில் சதுர அடிக்கு ஆகும் இந்த முழுச் செலவை டைல்ஸ் செலவுடன் ஒப்பிட்டு அவ்வப்போது வெளியிட்டால், வாசகர்கள் தாங்களே கணக்குப் பார்த்து முடிவெடுக்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர்,
திண்டுக்கல்.