சிம்னி ஓரத்து ஒழுகலுக்குச் சிமென்ட் தீர்வல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வீடுகளைப் பழுது பார்ப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை மொட்டை மாடி விரிசலோடு நின்றுவிட்டது. சமவெளிக்கு அது போதும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கணப்பும் சிம்னியும் உள்ள பழைய தகரக் கூரை, ஓட்டுக் கூரை வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே பெரும்பாலும் ஒழுகுவது கூரையின் நடுப்பரப்பு அல்ல, கூரையைத் துளைத்துச் சிம்னி மேலே வரும் இடம். அந்த மூலையில் ஆண்டுதோறும் ஒரு சட்டி சிமென்ட் கலவையை அப்பி, மேலே நீர்த்தடுப்புப் பெயின்ட் அடிக்கிறார்கள். அடுத்த மழைக்கே மறுபடி ஒழுகுகிறது.

ஒழுகத்தான் செய்யும். செங்கல் சிம்னி தன் அஸ்திவாரத்தில் தனியாக நிற்கிறது. கூரையோ மரச் சட்டங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மழையில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும். பத்தடி நீளத் தகரம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளும். விடியற்காலையில் புல்லில் உறைபனி படியும் ஊட்டியின் ஜனவரியில், அதே நாள் மதியம் தகரம் நன்றாகச் சூடேறிவிடும். தினமும் நடக்கும் இந்த இழுபறியை விறைப்பான சிமென்ட் பட்டை தாங்காது. மயிரிழை விரிசல் விட்டதும் அதன் வழியே நீர் உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். சிமென்ட் தடிமனாக இருந்தால் அந்த நீர் காயவும் வழியில்லாமல், கீழே உள்ள மரம் உளுத்துப்போகும்.

இங்கே வேண்டியது ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு அடுக்குத் தகடுகள். 24 கேஜ் கனமுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடே போதும். கீழ்த்தகடு கூரையைச் சேர்ந்தது. அது சிம்னிச் சுவரை ஒட்டிக் குறைந்தது ஆறு அங்குலம் மேலேறி நிற்க வேண்டும். சிம்னியின் தாழ்வான பக்கத்தில் அது கூரைத் தகரத்துக்கு மேலே ஆறு அங்குலம் படியும். உயரமான பக்கத்தில் கூரைத் தகரத்துக்கு அடியில் நுழையும். இந்த ஏற்பாடு தலைகீழாகிவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூச்சும் உதவாது. ஓட்டுக் கூரையானால், பக்கவாட்டில் ஓட்டுக்கு அடியில் சிறு வாய்க்காலாக மடித்த தகடு வைத்து, அதன் கீழ்முனையைச் சிம்னியைத் தாண்டிக் கொண்டுபோய் அடுத்த வரிசை ஓட்டின் மேல் முடிக்க வேண்டும்.

மேல்தகடு சிம்னியைச் சேர்ந்தது. செங்கல் வரிசைகளுக்கு இடையிலுள்ள காரையை ஓர் அங்குல ஆழம் தோண்டி, தகட்டின் மடித்த விளிம்பை அதில் செருகி, ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். கூரையின் சரிவுக்கு ஏற்ப இந்தத் தகடு படிப்படியாக இறங்கி, கீழ்த்தகட்டின் மேல் குறைந்தது மூன்று அங்குலம் தொங்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஸ்குரூ போட்டுவிட்டால் பழைய சிமென்ட் கதைதான். காரையைக் கையுளியால்தான் தோண்ட வேண்டும். கிரைண்டர் நேர்கோட்டில் ஓடிச் செங்கலையும் அறுத்துவிடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சிம்னிக்கு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையால் தோண்டிய இடுக்கை அடையுங்கள். அங்கே சிமென்ட் வைத்தால் ஈரம் வெளியேற முடியாமல் செங்கலின் முகமே பொரிந்து உதிரும்.

கடையில் வாங்கும் சிலிக்கான் குழாயை முகர்ந்து பாருங்கள். புளிக்காடி (வினிகர்) வாசனை அடித்தால் ஜிஐ தகட்டுக்கு ஆகாது, துத்தநாகப் பூச்சை அரிக்கும். ‘நியூட்ரல் க்யூர்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத் தகடு வைப்பதானால், காரைக்குள் போகும் விளிம்புக்குத் தார் பெயின்ட் அடித்தாக வேண்டும், ஈரக் காரை அதைத் தின்றுவிடும்.

சிம்னி 30 அங்குலத்துக்கு மேல் அகலமாக இருந்தால், அதன் உயரமான பக்கத்தில் இருபுறமும் சரியும் குட்டிக் கூரை ஒன்று அவசியம். அது இல்லையென்றால் சவுக்கு மர இலையும் சைப்ரஸ் சருகும் அங்கே தேங்கி, அவற்றின் பின்னால் நீர் குளம் கட்டும். தகடு எவ்வளவு நல்லதானாலும் தேங்கிய நீர் அதன் விளிம்பைத் தாண்டி ஏறிவிடும்.

சிம்னியின் உச்சியைப் பலர் பார்ப்பதே இல்லை. அங்கே பூசிய கலவை வெடித்திருந்தால் மேலே மேலே பூசாமல், மூன்று அங்குலக் கனத்தில் கம்பி வலை வைத்த கான்கிரீட் பலகை போடுங்கள். வெளிப்புறமாகச் சரிவும், சுவரைத் தாண்டி இரண்டு அங்குல நீட்டமும், நீட்டத்தின் அடியில் நீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடும் வேண்டும். புகைவாய்க்கு மேலே மூடியும், அரை அங்குலக் கண் கொண்ட வலையும் போதும். அதைவிடப் பொடியான வலை கரியால் அடைபடும். கணப்பு மூட்டாத வீடுகளில் சிம்னியை மேலும் கீழும் முழுக்க அடைத்துவிடுகிறார்கள். உள்ளே தங்கும் ஈரம் பழைய கரியோடு கலந்து சுவரில் பழுப்புக் கறையாக இறங்கும். மூடி போட்டாலும் மேலே காற்று வெளியேற வழி விடுங்கள். கீழே ஒரு செங்கல் அளவுக்குக் காற்று புகும் ஜாலி வையுங்கள்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று தெரியாமல் வேலை தொடங்க வேண்டாம். சிம்னியைச் சுற்றி சீலிங்கில் கறை என்றால் தகடு. புகைக்கூட்டுச் சுவரில் மட்டும் கறை, கரி வாடையும் உண்டு என்றால் உச்சி. உறுதி செய்ய, மழையில்லாத நாளில் ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் நீர் விடுங்கள். ஒருவர் டார்ச்சோடு சீலிங்குக்கு மேலே இருந்து பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது ஓட்டை என்று தெரியாது. குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை அடிக்கும் கிழக்கு, வடகிழக்கு முகத்தை முதலில் பாருங்கள். கூடலூர், பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை அடிக்கும் தென்மேற்கு முகத்தை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் அதன் மேல் நேரடியாகக் கால் வைக்க வேண்டாம், பலகை போட்டு ஏறுங்கள்.

தென்மேற்கு மழை ஓயும் செப்டம்பர்தான் இதற்கு ஏற்ற மாதம். விலைப்பட்டியல் கேட்கும்போது தகடு வேலையைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தகட்டை மடிப்பது டிங்கர் வேலை. கொத்தனாருக்குக் காரை இடுக்கைத் தோண்டி அடைப்பதோடு சரி. வேலை முடிந்ததும் ‘நறுவிசாக இருக்கட்டும்’ என்று மேல்தகட்டின் கீழ்விளிம்பில் அவர் கலவை பூச வந்தால் தடுத்துவிடுங்கள். உள்ளே புகுந்த நீர் வெளியே வர அந்த இடைவெளி திறந்தே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புப் பொறியாளர்,
குன்னூர்.